தொட்டி நாலுல நிக்குற கொட்டி

முதல்லயே சொல்லிருதேன், நான் ஒரு குளத்துல கண்டெடுத்த, புது இனம்னு நாங்க நினைக்குத தண்ணிச் செடியோட லத்தீன் பேரை இதுல எழுதப் போறதில்ல. ஒளிச்சு வைக்கணும்னு இல்ல. ஒரு செடிக்குப் பேர் வச்சா அது விளக்கத்தோட, எந்த மாதிரியை வச்சுப் பேர் வச்சோம், அந்த மாதிரி எந்த ஹெர்பேரியத்துல (காய வச்ச செடித் தாளைச் சேத்து வைக்குத இடம்) இருக்குங்குற தகவலோட, அச்சுலயோ ஐஎஸ்எஸ்என் நம்பர் உள்ள பிடிஎஃப்லயோ வந்தாத்தான் செல்லும். அதுக்கு முன்னாடி நான் வாய விட்டேன்னா அது சும்மா பேரா ஊர் சுத்தும், அதுக்கு 'நோமன் நூடம்'னு சொல்லுதாவ, அம்மணப் பேர்னு அர்த்தமாம். அதனால எங்க வீட்டு மாடியில அதுக்கு என்ன பேரோ அதையே சொல்லுதேன். தொட்டி நாலு.

நான் வண்ணார்பேட்டையில மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன், வீடு பாளையங்கோட்டை. மீன் தொட்டி வளக்கதுதான் பொழுதுபோக்கு, மீனை விட செடி மேலதான் கிறுக்கு, கடையில விக்குற கிழங்குச் செடி எல்லாம் வாங்கி வாங்கி வீட்டுல திட்டு வாங்குன ஆளு. பாட்டனி படிச்சதில்ல. ஐடிஐ.

2023 பொங்கல் கழிஞ்ச வாரம், சேரன்மாதேவி ரோட்டுக்குத் தெக்க ஒரு கிராமத்துல அஞ்சு ஹெச்பி மோட்டார் ஒண்ணு எரிஞ்சு போச்சுன்னு கூப்டாவ. போய் மோட்டாரைக் கழட்டி வண்டியில ஏத்திட்டு கை கழுவ குளத்துல எறங்குனேன். மழைக்குப் பெருகி, நல்ல தெளிஞ்ச தண்ணி. மடைக்குப் பக்கத்துல கொட்டிச் செடி மாதிரி கெடந்துச்சு. கொட்டி எனக்கு நல்லாத் தெரியும், அப்போனோஜீட்டன் நேட்டன்ஸ், இலை தண்ணி மேல மெதக்கும், காம்பு சேருத இடத்துல இதயம் மாதிரி உள்வாங்கி இருக்கும். இது அப்படி இல்ல. இலை அடியில ரெண்டு பக்கமும் குறுகிக் குறுகி காம்போட கலந்து போச்சு, மாவிலை மாதிரி. பூக்கதிர்ல பூவும் நெருக்கமா இல்லாம எட்ட எட்ட நின்னுச்சு.

கரையில புல் அறுத்துக்கிட்டு இருந்த ஆச்சி ஒருத்தங்க, நான் கிழங்கோட பிடுங்குததைப் பாத்துட்டு, "எய்யா அத எதுக்குப் பிடுங்குத, அது கொட்டி இல்ல, கசக்கும்"னாவ. சின்னப் புள்ளையில கொட்டிக்கிழங்கு தோண்டி அவிச்சுத் திம்பாவளாம், இந்த மூலையில உள்ளத மட்டும் யாரும் தொட மாட்டாவளாம், அவிச்சாலும் கசப்பு போவாதாம். நான் சிரிச்சுட்டு ரெண்டு கிழங்கை பாலித்தீன் கவர்ல போட்டுட்டு வந்துட்டேன். ரெண்டே முக்கால் வருசம் கழிச்சு இப்ப யோசிக்கேன், இது வேற செடின்னு முதல்ல சொன்னது அந்த ஆச்சிதான். நான் இல்ல.

எந்தக் குளம்னு கேக்காதீங்க. கிழங்குச் செடிக்கு மீன் தொட்டி யாவாரத்துல நல்ல விலை இருக்கு, ஊர் பேரைச் சொன்னா ஒரே சீசன்ல சாக்கு சாக்கா அள்ளிருவாங்க.

வீட்டுக்கு வந்து செஞ்ச முதல் தப்பு, செடியை அழுத்திக் காய வைக்கப் பாத்தது. தரைச் செடியை நியூஸ்பேப்பர்ல வச்சு மேல கனம் வச்சா காஞ்சிரும். தண்ணிச் செடி அப்படி இல்ல, வெளிய எடுத்தாலே இலை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஈரத் துணி மாதிரி சுருண்டுக்கும். எங்கிட்ட கடையில லெதராய்டு பேப்பர் கெடந்துச்சு, காயில் ஸ்லாட்டுல சொருகுவோமே அது, நல்லா வழவழன்னு இருக்கே செடி ஒட்டாதுன்னு அதுக்கு நடுவுல வச்சேன். செடியில இருந்த ஈரம் போக வழியில்லாம உள்ளயே நின்னுச்சு. மூணு நாள்ல பூசணம். அடுத்ததை வார்னிஷ் காய வைக்கிற ஓவன்ல வச்சேன், நாப்பது டிகிரின்னு நினைச்சு வச்சது எவ்வளவு ஏறுச்சோ, எடுத்துப் பாத்தா அப்பளம். அந்தத் தாளை இன்னும் வச்சிருக்கேன், மோந்தா வார்னிஷ் வாடை அடிக்கும்.

பாளையங்கோட்டையில ஒரு கல்லூரியில பாட்டனி பாத்த சார் ஒருத்தவங்க, ரிட்டையர் ஆயிட்டாவ, அவங்க வீட்டு போர்வெல் மோட்டாரை நான்தான் பாக்கேன். அப்பளத்தைக் கொண்டு போய் காட்டினேன். சிரிக்கல. லென்ஸை எடுத்து ரொம்ப நேரம் பாத்துட்டு, "பூ எங்க?"ன்னாவ. பூ கதிர்லயே கருகிப் போச்சு. "பூவும் காயும் இல்லாம இந்தக் குடும்பத்துல ஒண்ணும் பேச முடியாது. கிழங்கு இருக்கா? வளக்க முடியுமா?"ன்னு கேட்டாவ. வளக்கத்தானே நமக்குத் தெரியும்.

அழுத்துத முறையையும் சாரே சொல்லிக் குடுத்தாவ. அகலமான தாம்பாளத்துல தண்ணி ஊத்தி செடியை அதுல மெதக்க விடணும், இலை தானா விரியும். கீழ கெட்டித் தாளைச் சொருகி, செடியை விரல் நுனியால அங்கன இங்கன ஒதுக்கி, தாளோட ஒரு பக்கத்தை பைய தூக்கணும், தண்ணி வழிய வழிய செடி தாள்லயே படிஞ்சுக்கும். மேல பழைய வேட்டித் துணி ஒரு துண்டு, அதுக்கு மேல நியூஸ்பேப்பர். துணி இல்லன்னா செடி பேப்பர்ல ஒட்டி மறுநாள் தினத்தந்தியோட சேந்து வரும். பேப்பரை முதல் மூணு நாள் தினம் ரெண்டு வேளை மாத்தணும். ஓவன் கூடாது, குண்டு பல்பு ஒண்ணு மாட்டுன அட்டைப் பெட்டி போதும். பூவை மட்டும் தனியா ஸ்பிரிட் பாட்டில்ல போட்டு வைக்கணும், காஞ்சா உருவம் போயிரும். நான் மெடிக்கல்ல வாங்குன சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல போட்டு பால்பாயின்ட் பேனாவுல சீட்டு எழுதி உள்ள போட்டேன், ஒரு வாரத்துல மை கரைஞ்சு ஸ்பிரிட் நீலமாவும் சீட்டு வெள்ளையாவும் ஆயிருச்சு. பென்சில்ல எழுதணும். பென்சில் எதுக்கும் அசையாது.

கிழங்குக்கு வாறேன். குளம் வத்துனா இலை எல்லாம் போயி கிழங்கு மட்டும் சேத்துக்குள்ள உறங்கும், மழைக்கு மறுபடி முளைக்கும், கொட்டியோட பிழைப்பே அதுதான். நானும் அதே மாதிரி சித்திரையில காயப் போட்டு, புரட்டாசி கடைசியில தண்ணி விட்டேன். பெருமாள்புரம் பக்கம் வீடு இடிச்ச இடத்துல கிடைச்ச ரெண்டு பழைய சிமெண்ட் தொட்டி, பெயிண்ட் வாளி, அம்பது லிட்டர் டிரம், இப்படி மாடியில ஒம்பது சேந்துச்சு, அடியில கரம்பை மண், மேல ஒரு இஞ்ச் ஆத்து மணல். எல்லாத்துலயும் கப்பி மீன், இல்லன்னா கொசுமருந்து ஊத்த வாறவங்க தொட்டியையே கவுத்திருவாங்க, நியாயம்தான்.

அந்த மழைக்கே குளத்துக்கு இன்னொரு தரம் போய் எட்டுக் கிழங்கு எடுத்து, வேற குளத்துல இருந்து சாதாக் கொட்டியும் எடுத்து, சேத்து வச்சேன். அஞ்சு இஞ்ச் தண்ணியில ஒரு செட்டு, ஒரு அடியில ஒரு செட்டு, ரெண்டரை அடி டிரம்ல ஒரு செட்டு. எதுக்குன்னா, தண்ணிச் செடி மாதிரி ஏமாத்துத ஜாதி கெடையாது. தண்ணி ஆழம் கூடுனா காம்பு நீளும், வெளிச்சம் கொறைஞ்சா இலை ஒடுங்கும், வெயில் கூடுனா செவக்கும். ஒரே செடியோட மூணு வேசத்துக்கு மூணு பேர் வச்ச கதை இந்தத் துறையில நிறைய உண்டாம். எல்லாரையும் ஒரே மாடியில, ஒரே மண்ணுல, ஒரே வெயில்ல நிக்க வச்சு அப்புறமும் வித்தியாசம் நின்னா அது செடியோடது, நிக்கலன்னா அது குளத்தோடது.

நான் அப்ப வித்தியாசம்னு நோட்டுல எழுதி வச்சிருந்தது அஞ்சு. இலை ஒடுக்கம், கதிர் ரோஸ் கலர், இலை அடி குறுகுதது, பூ எட்ட எட்ட நிக்கது, அப்புறம் ஒரு பூவுல அஞ்சு சூலறை (பின்னால காயாவுத பை) இருந்தது. அந்த அஞ்சுக்காகத்தான் ராத்திரி தூக்கம் வராம கெடந்தேன்.

ஒடுக்கம் முதல்ல போச்சு. டிரம்ல வச்ச சாதாக் கொட்டியும் ஒடுக்கமாத்தான் வளந்துச்சு, அஞ்சு இஞ்ச்ல வச்ச நம்ம செடி அகலமா விட்டுச்சு. ரோஸ் கலர் அடுத்தது, நிழல் பக்கம் இருந்த வாளியில பூத்தது வெள்ளை. அஞ்சு சூலறை கதையைக் கேளுங்க. சாரோட பழைய மைக்ராஸ்கோப்பை வாங்கிட்டு வந்து, ஷேவிங் பிளேடை உடைச்சு ஊசியில கட்டி, பூவை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தேன். அரிசி அளவு பூ, இதழ் மாதிரி ரெண்டே ரெண்டு, உள்ள மகரந்தத் தாள் ஆறு, நடுவுல கூஜா மாதிரி கழுத்து வச்ச குட்டிச் சூலறைங்க. காயில் கட்டுதவனுக்கு முடி மாதிரி கம்பியை எண்ணிப் பழக்கம் உண்டுல, கை நடுங்கல. நூறு பூ எண்ணுனேன். தொண்ணூத்தி ஒண்ணுல மூணு சூலறை. கதிர் நுனியில உள்ள பூவுல மட்டும் நாலு, அஞ்சு. சாதாக் கொட்டியிலயும் நுனிப் பூ அப்படித்தான். நான் முதல் நாள் பாத்தது நுனிப் பூ, அம்புட்டுதான் விசயம்.

அஞ்சுல மூணு அவுட். மிச்சம் நின்னது இலை அடியும், பூ இடைவெளியும். அது ரெண்டும் மூணு ஆழத்துலயும் அசையாம நின்னுச்சு, தொட்டி நாலுல இருந்ததுதான் எல்லாத்துலயும் தெளிவா. காம்பு தடிமனை எல்லாம் கடையில கம்பி கேஜ் பாக்குற மைக்ரோமீட்டராலயே அளந்தேன், சார் அதைப் பாத்துட்டு "இந்தத் துல்லியம் எங்க லேப்லயே கெடையாதுடே"ன்னாவ.

அப்புறம் 2023 டிசம்பர் 17 வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்ச மழை அது, நம்ம பக்கம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆத்துத் தண்ணி ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் ஏறுச்சு. கடைக்குள்ள இடுப்பளவு. வீட்டு மாடியில ஆத்துத் தண்ணி வரலன்னாலும் மழையே போதும், தொட்டி எல்லாம் ரொம்பி வழிஞ்சு, நாத்து பூரா மொட்டமாடி ஓடையில ஒதுங்கிக் கெடந்துச்சு. எது நம்மது, எது சாதாக் கொட்டி, எது கடையில வாங்குன கிழங்கோட குட்டி, ஒண்ணும் தெரியல. தொட்டியில ஒட்டுன இன்சுலேஷன் டேப் லேபிள் அம்புட்டும் உரிஞ்சு போச்சு. கப்பி மீனு படிக்கட்டுல கெடந்துச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் செடியைத் திரும்பிப் பாக்க நேரமில்ல. தண்ணிக்குள்ள முங்குன மோட்டார் ஊரு பூரா, விடியக்காலம் நாலு மணிக்கே கடை வாசல்ல ஆள் நிக்கும், காயிலைக் கழட்டி வெயில்ல காய வச்சு, மெகர்ல (இன்சுலேஷன் பாக்குத மீட்டர்) பாத்து, தேறாததை அறுத்துப் போட்டுப் புதுசா கட்டி. மாசியில ஒரு நாள் மூச்சு விட்டு மாடிக்கு ஏறிப் பாத்தா, பெரிய சிமெண்ட் தொட்டி மட்டும் அடி கனத்துல அசையாம நின்னுருக்கு, அதுல பதினோரு கிழங்கு. அது தொட்டி நாலு. அன்னைலேர்ந்து லேபிளுக்கு அலுமினியத் தகடுதான், ஆணியால கீறி எழுதி ஓட்டை போட்டுக் கட்டிருதது. செம்புத் தகடு கடையில இறைஞ்சு கெடக்கு, ஆனா செம்பு மீனுக்கும் ஆகாது.

குளத்துக்குப் போய்ப் பாத்தா கரை உடைஞ்சு, அதை அடைக்க ஜேசிபி வச்சு மண்ணு அள்ளியிருக்காங்க, அள்ளுனது சரியா மடைப் பக்கத்து மூலையில. ஊருக்குக் கரைதான் முக்கியம், அதுல நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா வயித்தைப் பிசைஞ்சுச்சு. உலகத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரே இடம் அது.

சார்கிட்ட சொன்னேன். அவங்க அதைவிட பெரிய குண்டா போட்டாவ. "சரி, கலப்பினம் இல்லன்னு எப்படிச் சொல்லுவ?" அப்போனோஜீட்டன்ல இது பெரிய தொல்லை. மீன் தொட்டிக் கடையில கிரிஸ்பஸ்னு விக்குற கிழங்குல நிறைய, கிரிஸ்பஸும் நேட்டன்ஸும் கலந்த கலப்பு. எவனாச்சும் தொட்டியைக் கழுவி குளத்துல ஊத்தியிருந்தா, நான் புதுசுன்னு குதிக்கது கடைக் கிழங்கோட பேரனா இருக்கலாம். எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு, ஏன்னா நானே அப்படித் தொட்டி கழுவி ஊத்துன ஆளுதான், அந்தக் குளத்துல இல்ல, வேற எடத்துல.

கலப்பு பாக்க ரெண்டு வழி சொன்னாவ. ஒண்ணு மகரந்தம். அசிட்டோகார்மைன்னு ஒரு சாயம், அதுல மகரந்தத்தைப் போட்டா உயிருள்ளது குண்டா செவப்பா ஏறும், செத்தது சுருங்கி வெளிறிக் கெடக்கும். கலப்புல பெரும்பாலும் செத்தது கூடுதலா இருக்கும். தொட்டி நாலு பூவுல முந்நூறு எண்ணுனேன், 281 செவப்பு. கடையில கிரிஸ்பஸ்னு வாங்குன கிழங்கு ஒண்ணு பூத்துச்சு, அதுல முந்நூறுக்கு 64. ராத்திரி பதினோரு மணி, வீட்டுல எல்லாரும் ஒறங்கிட்டாவ, நான் மட்டும் மைக்ராஸ்கோப்புல ஒரு கண்ணு, ரஃப் நோட்டுல ஒரு கண்ணு, அஞ்சு அஞ்சா கோடு போட்டுக்கிட்டு.

மகரந்தம் நல்லாருந்தா மட்டும் போதாது, அடுத்த தலைமுறையும் பாக்கணும். அதே கதிர்ல பூவுக்குப் பூ பிரஷ்ஷால தடவி விட்டு, மேல வலைத்துணி கட்டி, காய் தண்ணிக்குள்ள சாஞ்சு பழுத்து வெடிக்கும் வரைக்கும் காவல். விதை கொஞ்ச நேரம் மெதந்துட்டு முங்கிரும், முங்குன கொஞ்ச நாள்லயே முளை விட்டுரும், சேத்து வைக்கிற சோலியே இல்ல. நாப்பது நாத்து தேறுச்சு. கலப்பா இருந்தா ஒண்ணு அப்பனை மாதிரி, ஒண்ணு ஆத்தாளை மாதிரி, ஒண்ணு நடுவாப்புல, இப்படிச் செதறியிருக்கணும். நாப்பதும் அச்சு மாதிரி ஒரே போல நின்னுச்சு, இலை அடி அம்புட்டும் குறுகல். அன்னைக்குத்தான் முதல் தடவையா சாருக்கு ராத்திரியில போன் போட்டேன், திட்டல.

விதையையும் இதுல சொல்லிருதேன். இந்தச் சாதியில விதைத்தோல் ஒத்தையா ரெட்டையாங்குறது முக்கியமான அடையாளம், பழைய ஆட்கள் எல்லாம் அதைத்தான் முதல்ல பாப்பாவளாம். நான் கடைசியாப் பாத்தேன். விதையை மெழுகுல பதிச்சு பிளேடால குறுக்க சீவிப் பாத்தா, பக்கத்துல வச்ச கொட்டி விதைக்கும் இதுக்கும் அங்கயே ஒரு வித்தியாசம் நிக்கி. இத முதல் வருசமே பாத்துருந்தா ரோஸ் கலரை நம்பி ஏமாந்திருக்க மாட்டேன். அளவு விவரம் பேப்பர் வந்தப்புறம்.

ரெண்டாவது பெரிய வேலை பழைய பேர் தேடுதது. இதுக்கு முன்னாடி யாரும் பேர் வைக்கலன்னு நிரூபிக்கணும், அதுதான் மலை மாதிரி வேலை. கொட்டியையே எடுத்துக்கோங்க, ஸ்வீடன் பாட்டனிக்காரர் லின்னேயஸ் 1771ல அதுக்கு வச்ச பேரு சௌருரஸ் நேட்டன்ஸ், வேற குடும்பத்துப் பேரு. அவர் மகன் அப்போனோஜீட்டன் மோனோஸ்டாக்கியான்னு வச்சாரு. இப்ப இருக்க பேரு 1906ல வந்தது. கம்பெனி காலத்து பாட்டனிக்காரர் ராக்ஸ்பரோ அவர் பங்குக்குச் சில பேர் வச்சிருக்காரு, அதுல சிலது இப்பச் செல்லாது, ஆனா செல்லாதுன்னு மூடி வச்ச பேருக்குள்ள நம்ம செடி இருந்துச்சுன்னா அந்தப் பேர்தான் எந்திரிச்சு வரும், நம்ம பேரு காலி. அதனால ஒவ்வொண்ணுக்கும் மூலத் தாள் என்ன, படம் என்னன்னு பாக்கணும். லின்னேயஸ் வச்சிருந்த தாள் எல்லாம் லண்டன்ல இருக்கு, அதை இப்ப நெட்லயே பாக்கலாம், இருநூத்தி அம்பது வருசத்துக்கு முந்தி காய வச்ச செடி நம்ம அப்பளத்தை விட நல்லாருக்கு.

பாளையங்கோட்டை சேவியர் காலேஜ் ஹெர்பேரியத்துலயும், கோயம்புத்தூர்ல மெட்ராஸ் ஹெர்பேரியத்துலயும் தாள் தாளா பாத்தோம். பேருதான் மெட்ராஸ், இருக்கது கோயம்புத்தூர். கொட்டின்னு எழுதி வச்ச கட்டுக்குள்ள யாராச்சும் நம்ம செடியைத் தெரியாம போட்டு வச்சிருக்காவளான்னு தேடுனோம். பழைய சேகரிப்பாளர்களுக்கு நம்ம ஊரு நல்ல பழக்கம், ராபர்ட் வைட் எல்லாம் குத்தாலத்துல கெடந்து செடி சேத்த ஆளு. ஆனா அவங்க கண்ணு பூரா மலை மேலதான் இருந்துருக்கு, குளத்துல எவன் எறங்குவான். கோயம்புத்தூர்ல ஒரே ஒரு தாள்ல எனக்கு நெஞ்சு நின்னு போச்சு, இலை அடி குறுகலா இருந்துச்சு. பூ கெடையாது, கிழங்கு கெடையாது. சார் ஒரு அஞ்சு நிமிசம் பாத்துட்டு, இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு கட்டி வச்சுட்டாவ. நான் பஸ்ஸுல ஊர் வாற வரைக்கும் அந்தத் தாளையே நெனச்சுக்கிட்டு வந்தேன்.

டிஎன்ஏ கதை சின்னது. இலைத் துண்டை ஈரத்தை உறிஞ்சுத சிலிக்கா ஜெல்ல போட்டு அனுப்புனோம், நீல உருண்டை ரோஸ் ஆனா மாத்தணும், மாத்துனேன். ஆனா இலையில ஒட்டியிருந்த பாசியைத் தொடைக்கல. வந்த ரிசல்ட்டுல பாதி பாசியோடது. ரெண்டாம் தடவை பிரஷ்ஷால தேய்ச்சு கழுவி அனுப்புனது சரியா வந்துச்சு.

இதெல்லாம் இருந்தும் டைப், அதாவது பேருக்கு ஆதாரமா வைக்குத காஞ்ச செடி, இன்னும் கையில இல்ல. தொட்டியில வளத்ததை வச்சும் பேர் வைக்கலாமாம், ஆனா சாருக்கு மனசில்ல, குளத்துல நின்ன செடிதான் வேணும்னுட்டாவ. அங்கதான் நமக்குக் குளம் தெரிஞ்சது கை குடுத்துச்சு. நம்ம பக்கத்துக் குளம் எதுவும் தனியா நிக்காது, ஒண்ணு நெறைஞ்சு மறுகால் பாஞ்சா தண்ணி அடுத்த குளத்துக்குப் போவும், அது நெறைஞ்சா அதுக்கடுத்தது. கரை உடைச்சு ஓடுன வெள்ளம் கிழங்கை எங்க கொண்டு போயிருக்கும்? 2025 ஜனவரியில மச்சானைக் கூட்டிக்கிட்டு மறுகால் ஓடை வழியாவே நடந்தோம், சீமைக்கருவேல முள்ளு கிழிச்சு வேட்டி போச்சு. மூணாவது கிலோமீட்டர்ல அடுத்த குளம். தண்ணி வாற வாயில, நாணலுக்கு உள்பக்கம், எட்டுப் பத்துச் செடி பூவோட நின்னுச்சு. மச்சான் "இதுக்கா இம்புட்டு தூரம்"னு கேட்டான். பதில் சொல்லல, தாம்பாளத்தை எடுன்னேன்.

நாலு செடி மட்டும் எடுத்தோம். ஒண்ணு ஹோலோடைப், அதாவது அந்த ஆதாரத் தாளு, அது மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு. ஐசோடைப்னு சொல்ற துணைத் தாளுங்க பாளையங்கோட்டைக்கும் ஹவுராவுல இருக்க மத்திய ஹெர்பேரியத்துக்கும். லேபிள்ல இடம், தேதி, தண்ணி ஆழம், பூ கலர் எல்லாம் எழுதணும், கலர் முக்கியம், காஞ்சா எல்லாம் ஒரே பழுப்பு. அதுல நான் 'கிழங்கு கசக்கும்'னும் எழுதுனேன். சார் அடிக்கல.

படம் வரைய எனக்குத் தெரிஞ்ச போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருத்தன்கிட்ட குடுத்தேன். அருமையா வரைஞ்சான், கல்யாணப் பத்திரிகையில போடலாம், ரெண்டு பக்கமும் சரிசமமா இலை, எல்லாப் பூவும் ஒரே அளவு. சார் பாத்துட்டு "இந்தச் செடி எங்கயும் கெடையாது"ன்னுட்டாவ. பக்கத்துல உக்காந்து, நத்தை கடிச்ச இலையை நத்தை கடிச்ச மாதிரியே வரைய வச்சேன், நிழல் போடக்கூடாது புள்ளிதான் வைக்கணும், பக்கத்துல அளவுகோடு. நாலு வாட்டி திருப்பிக் குடுத்தேன், அஞ்சாவது வாட்டி என்கிட்ட காசு வாங்க மாட்டேன்னுட்டான், கோவத்துல.

விளக்கம் முன்னெல்லாம் லத்தீன்லதான் எழுதணுமாம், 2012 ஜனவரியிலேர்ந்து இங்கிலீஷும் செல்லும். இல்லன்னா சார் கதி என்னன்னு தெரியல. பேர் வைக்கும்போது எம்மவ பேரை வைக்கலாமான்னு கேட்டேன். விதிப்படி தப்பில்ல, ஆனா கண்டுபிடிச்சவன் சொந்த வீட்டுப் பேரை வச்சா ஊரு சிரிக்கும்னாவ. வேற ஒண்ணு வச்சிருக்கோம். அந்த ஆச்சிகிட்ட போய்ச் சொன்னேன். "கசக்குத கிழங்குக்கா பேர் வைக்கிய?"ன்னு கேட்டுட்டு புல்லுக்கட்டைத் தூக்கி விடச் சொன்னாவ.

ஆடியில பேப்பரை அனுப்புனோம், ஆவணியில ரிவ்யூ வந்துச்சு. ஒருத்தர் சரின்னுட்டாரு. இன்னொருத்தர் நல்லா பழுத்த காய் இருபதாச்சும் அளந்து போடச் சொல்லியிருக்காரு, ரெண்டாவது குளத்துச் செடியோடது. கேட்டது நியாயம்தான், நாங்க அளந்தது பூரா தொட்டிக் காய். ஆனா காய்க்கு அடுத்த மழை பெஞ்சு குளம் பெருகணும், ஆறு மாசம் டைம் கேட்டிருக்கோம்.

ஐப்பசி ஒண்ணாந் தேதி தொட்டி நாலுக்குத் தண்ணி விட்டேன். நேத்து காலையில பாக்கேன், ரெண்டு இலை மேல வந்திருக்கு, கதிர் இன்னும் வரல. குளத்துல இன்னும் கால்வாசித் தண்ணிதான். அஞ்சாம் தொட்டியில நத்தை ஏறிருச்சு, கடைக்குப் போறதுக்குள்ள அதைப் பொறுக்கணும்.